‘லொக் இல்லை’ என்று பில்லில் எழுதித் தாருங்கள்

கொம்யூனிகேஷன் கடைக்காரத் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே,

மாவடிப்பள்ளியிலிருந்து எழுதுகிறேன். சம்மாந்துறை தொடங்கிச் சாய்ந்தமருது, கல்முனை வரை ‘கொம்யூனிகேஷன்’ என்று பலகை மாட்டி, கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து ரீலோட் போட்டு, சிம் விற்று, உடைந்த டிஸ்பிளே மாற்றிக் கொடுக்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த ஒரே கடிதம்.

கம்பனிக்கு எழுத வேண்டியதை எங்களுக்கு ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்பீர்கள். கம்பனியின் கட்டணப் பட்டியலை எங்கள் ஊரில் வாசிப்பவர் குறைவு. மூத்தம்மாமார் உங்கள் கடை வாசலில் நின்று ஐம்பது ரூபாவை நீட்டி, “மகன், நீங்களே பார்த்து ஒண்டப் போட்டு உடுங்க” என்கிறார்கள். வயல் வட்டைக்குப் போகிற வழியில் சைக்கிளை ஒரு காலால் ஊன்றி நிறுத்துகிற கூலிக்காரரும் அதைத்தான் சொல்கிறார். எந்தப் பெக்கேஜ், எத்தனை நாளைக்கு, அது அவருக்குப் பொருந்துமா என்பதெல்லாம் அந்த அரை நிமிடத்தில் உங்கள் விரலில்தான் தீர்மானமாகிறது. பழைய போன் வாங்க வருகிறவரும் அப்படித்தான். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்ப்பதில்லை, உங்கள் முகத்தைப் பார்க்கிறார். இவ்வளவு நம்பிக்கையை இந்த ஊர் வங்கி முகாமையாளரிடம்கூட வைத்ததில்லை. அதனால்தான் முறையீடும் உங்களிடமே வருகிறது.

நான் நெல் ஆலையில் கணக்கு எழுதிப் பிழைத்தவன். போன் தொழில்நுட்பத்தில் உங்களுக்குப் பாடம் எடுக்கிற தகுதி எனக்கில்லை. ஆனால் ஒரு பொருளை எப்படி விற்கக் கூடாது என்பது தெரியும். நெல் வந்தால் முதலில் ஈரப்பதன் பார்ப்பார்கள். நெல் சந்தைப்படுத்தும் சபை கேட்பது நூற்றுக்கு 14. காய்ந்த நெல்லை மேலே பரப்பி, ஈர நெல்லை நடுவில் வைத்துக் கட்டி வருகிறவர்கள் எந்தப் போகத்திலும் ஒருவரிருவர் இருப்பார்கள். அதற்காகத்தான் மூட்டையின் நடுவுக்குள் கம்பியைக் குத்தி எடுத்துப் பார்ப்பது. ரசூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் தட்டுப்பட்டதும், நனைந்ததை ஆட்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் சஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நீங்களும் குத்பாவில் பலமுறை கேட்டிருப்பீர்கள். நனைந்த தானியத்தை விற்கவே கூடாது என்று அங்கே சொல்லப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். மறைத்தது மட்டுமே அங்கே குற்றம்.

‘ஃபுல் அன்லொக்’ என்று சொல்லி விற்கப்படுகிற சில பாவித்த ஐபோன்கள் அந்தக் குவியல்தான்.

எங்கள் தெருவில் ஒரு வாப்பா, மகளுக்கு ஒலுவில் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி கிடைத்த சந்தோஷத்தில், வேளாண்மை வெட்டுக் காசில் ஒன்று வாங்கிக் கொடுத்தார். எந்த ஊர்க் கடை, யாருடைய கடை என்பது வேண்டாம். சிம்முக்கு அடியில் மெல்லிய சிப் ஒன்று ஒட்டியிருப்பதை விற்றவர் சொல்லவில்லை. போன் ஒரு நாள் தன்பாட்டில் அப்டேட் ஆகியது. அதோடு சிம் வேலை செய்யவில்லை. கடைக்குக் கொண்டுபோனால், “அப்டேட் பண்ணினது உங்கட பிழை” என்ற பதில்தான் கிடைத்தது. வேறு சிப் போட இன்னும் காசு கேட்டார்கள். அந்தப் பிள்ளை இப்போது உம்மாவின் பழைய பட்டன் போனில் சிம்மைப் போட்டுக் கோல் எடுக்கிறாள். ஐபோன் வீட்டு வைஃபைக்கு மட்டும்.

அந்தச் சிப் என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் கடிதத்தைக் கடைக்கு வெளியே நின்று வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சில நாடுகளில் போன் கம்பனிகள் தவணைக்குச் செட்டைக் கொடுத்து, தங்கள் சிம் தவிர வேறெதுவும் வேலை செய்யாதபடி பூட்டி விடும். அதுதான் நெட்வர்க் லொக். நடுவில் வைக்கிற சிப், உள்ளே இருப்பது அந்தக் கம்பனியின் சிம்தான் என்று போனை ஏமாற்றுகிறது. பூட்டு திறக்கப்படவில்லை, ஏமாற்று பிடிபடும் வரைக்கும் ஓடும். கனடா 2017 டிசம்பர் 1 முதலும், ஜப்பான் 2021 ஒக்டோபர் 1 முதலும், பிரித்தானியா 2021 டிசம்பர் 17 முதலும் பூட்டிய போன் விற்பதை நிறுத்தச் சொல்லிவிட்டன. அதற்கு முன் அங்கே விற்றவை பூட்டோடு இருக்கலாம். அமெரிக்காவில் தவணை முடியும்வரை பூட்டி வைக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படியான செட்டுகள்தான் கைமாறிக் கைமாறி உங்கள் அலுமாரிக்கும் வருகின்றன. வெளிநாட்டிலிருந்து தம்பிக்கு போன் அனுப்புகிற காக்காமாரும் கேட்டுக்கொள்ளட்டும்: அங்கே இருக்கும்போதே அந்தக் கம்பனியிடம் சொல்லிப் பூட்டைத் திறந்துவிட்டு அனுப்புங்கள். இங்கே வந்து சேர்ந்த பிறகு திறக்கப் போனால்தான் சிப்பும் செலவும் சண்டையும்.

இதோடு இன்னும் இரண்டு பூட்டு உண்டு, மூன்றையும் குழப்பி ‘லொக் இல்ல’ என்ற ஒரே சொல்லால் மூடிவிடுகிறோம். முன்பு வைத்திருந்தவரின் ஐகிளவுட் கணக்கு உள்ளே இருந்தால் அது ஒரு பூட்டு. தவணைக்குக் கொடுத்து, தவணை பிந்தினால் திரையையே மூடிவிடுகிற மென்பொருள் இன்னொன்று. தவணை முடியாத செட்டை ஒருவர் விற்றுவிட்டுப் போனால், அடுத்தவர் கையில் அது ஒரு காலையில் கண்ணை மூடிக்கொள்ளும்.

என் முதல் வேண்டுகோள் இதுதான். பாவித்த போன் ஒன்றைக் கொடுக்கும்போது, வாங்குகிறவர் கண்முன்னே இரண்டு வேறு கம்பனி சிம்களைப் போட்டுக் கோல் எடுத்துக் காட்டுங்கள். சிம் தட்டைக் கழற்றி, சிப் இல்லை என்பதைக் காட்டுங்கள். ஐபோன் என்றால் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட் என்ற இடத்தில் ‘கேரியர் லொக்’ என்றொரு வரி இருக்கிறது; அதற்கு நேரே ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’ என்று வந்தால் பூட்டில்லை. அந்த வரியை வாங்குகிறவருக்கு விரல் வைத்துக் காட்டுங்கள். *#06# அடித்தால் வருகிற 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை பில்லில் எழுதுங்கள். அதற்குக் கீழே உங்கள் கையெழுத்தில் ‘லொக் இல்லை, சிப் இல்லை’ என்று எழுதுங்கள். சிப் போட்ட செட் என்றால் அதையும் அப்படியே எழுதி, விலையைக் குறைத்து விற்றுவிட்டுப் போங்கள். வாங்குகிறவர் தெரிந்து வாங்கட்டும். பில் தருவது உபகாரமுமில்லை. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆகவேண்டும். முறையிட 1977 என்ற இலக்கமும் இருக்கிறது. ஊருக்குள் அந்த இலக்கத்தை அழுத்துகிற நிலைமை வரக் கூடாது என்றுதான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஐஎம்இஐ எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐஎம்இஐ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் 1909 க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதிவாகியிருக்கிறதா என்று பதில் வரும். பதிவில்லாத புதிய போன்களுக்கு 2025 ஜனவரி 28 முதல் இணைப்புக் கிடைக்காது என்று ஆணைக்குழு அறிவித்தது. அதற்கு முன்பே பாவனையில் இருந்தவற்றுக்குப் பாதிப்பில்லை என்றும் சொன்னது. றியாதிலிருந்தோ தோஹாவிலிருந்தோ வந்த பிள்ளை பையில் கொண்டுவந்த செட்டை உங்களிடம் விற்க வந்தால், காசை எண்ணுவதற்கு முன் அந்த எஸ்எம்எஸ்ஸை அனுப்புங்கள். இல்லையென்றால் நட்டம் முதலில் உங்களுக்குத்தான் வரும்.

பூட்டைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்றால், விலைவாசியில் எங்கள் கையில் மிச்சமிருக்கிற ஒரே பலம் பூட்டில்லாத போனில்தான் இருக்கிறது. 1989 இல் செல்டெல் வந்த நாளிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பனிகள் வந்து, 2009 இல் எயார்டெல்லும் சேர்ந்தபோது நாட்டில் ஐந்து இருந்தன. அந்தக் காலத்தில் அவர்கள் ஒருவரையொருவர் எப்படி வெட்டிக்கொண்டார்கள், கோல் கட்டணம் எப்படி இறங்கியது என்பது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 2018 இல் எட்டிசலாட் ஹட்சோடு சேர்ந்தது. 2024 இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. இப்போது டயலொக், மொபிட்டல், ஹட்ச் என்று மூன்று பேர்தான். 2022 செப்டெம்பரில் ஆணைக்குழுவின் அனுமதியோடு கட்டணங்கள் நூற்றுக்கு 20 ஏறின. 2024 ஜனவரியில் வற் வரி 15 இலிருந்து 18 ஆனது. இவற்றில் எதையும் நீங்களோ நானோ தடுத்திருக்க முடியாது. ‘உன் விலை எனக்குச் சரிவரவில்லை, மற்றவனிடம் போகிறேன்’ என்று சொல்லி சிம்மை மாற்றுவது ஒன்றுதான் எங்களால் முடிந்தது. பூட்டிய போனோடு நிற்கிறவனுக்கு அதுவும் முடியாது.

அதனால்தான் விலை குறைந்த, இரண்டு சிம் போடக்கூடிய, பூட்டில்லாத சாதாரண அன்ட்ரொயிட் செட் ஒன்று, பூட்டோடு வருகிற பகட்டான செட்டைவிட எங்கள் வீடுகளுக்குப் பெறுமதியானது என்று நினைக்கிறேன். எல்லோருக்கும் தெரிந்த பழைய நம்பர் ஒரு சிம்மில் கோலுக்கு இருக்கட்டும். அந்த மாதம் யார் டேட்டாவை மலிவாகத் தருகிறானோ அவனுடைய சிம் மற்றதில் இருக்கட்டும். நம்பர் மாறிவிடும் என்ற பயத்தில் ஒரே கம்பனியில் கட்டுண்டு கிடக்கத் தேவையில்லை. வட்டைக்குள் எந்தச் சிம்முக்குச் சிக்னல் நிற்கிறது, பள்ளிவாசலடியில் இரவில் எது வேகம் என்பது கம்பனி விளம்பரத்தைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லிக் கொடுங்கள்.

இனி ரீலோட் விஷயம். இதில்தான் என் மனத்தாங்கல் பெரிது.

ஒருவர் தினமும் 50 ரூபா போட்டால் 30 நாளில் 1,500 ரூபா. அவருடைய மகன் தனியாக இன்னொரு 50 போட்டால் வீட்டுக்கு 3,000. இந்தக் கூட்டல் கழித்தலை அவர் செய்வதில்லை, ஏனென்றால் அவர் கையை விட்டுப் போவது ஒவ்வொரு நாளும் ஒரு தேநீரும் வடையும் அளவு காசுதான். பெக்கேஜ்களின் விலையை இங்கே எழுதவில்லை. இன்றைக்கு எழுதினால் அடுத்த மாதம் பிழையாகிவிடும். நீங்களே ஒரு துண்டுக் கடதாசியில் ஒரு நாள் பெக்கேஜின் விலையை முப்பதால் பெருக்கி, பக்கத்தில் அதே கம்பனியின் மாதப் பெக்கேஜின் விலையை எழுதிப் பாருங்கள். யார் கூடக் கொடுக்கிறார் என்று தெரியும். மாதச் சம்பளக்காரன் மாதத்துக்கு ஒருமுறை வாங்குகிறான். நாட்கூலிக்காரன் நாளுக்கு ஒருமுறை வாங்குகிறான். டேட்டா ஒன்றுதான், காசு குறைந்தவனுக்கு விலை கூட. அதிலும் நாள் பெக்கேஜில் மிச்சம் விட்ட டேட்டா அடுத்த நாள் இருக்காது. களைத்து வந்து இஷாவோடு தூங்கிவிட்ட மனிதனின் டேட்டா அப்படியே போகிறது.

அந்தக் காலத்தில் எங்கள் சனம் போன் விஷயத்தில் இவ்வளவு தாராளமாகச் செலவழிக்கவில்லை. மிஸ்ட் கோல் அடித்தே பாதிக் குடும்ப விவகாரம் முடிந்தது. கொழும்பிலுள்ள லேர்ன் ஏசியா ஆய்வு நிறுவனம் தெற்காசிய ஏழைகளின் போன் பாவனையை 2000 களின் நடுவிலிருந்து தொடர்ந்து ஆராய்ந்தபோது இந்த மிஸ்ட் கோல் சாமர்த்தியத்தையும் பதிவு செய்தது. கோலுக்கு நிமிடம் ஓடுவது காதுக்குத் தெரிந்தது, அதனால் சிக்கனம் வந்தது. டேட்டா ஓடுவது யாருக்கும் தெரிவதில்லை. வட்ஸ்அப்புக்கு மட்டும் என்று வாங்கிய பெக்கேஜில், யாரோ அனுப்பிய யூடியூப் இணைப்பைத் தட்டினால் அது வேறு கணக்கு என்று எங்கள் உம்மாமாருக்கு யார் சொன்னது? பெக்கேஜ் முடிந்தபின் டேட்டா திறந்தே இருந்தால் மெயின் பெலன்ஸ் கரையும் என்பதை யார் சொன்னது? இரண்டையும் சொல்ல உங்களுக்குப் பத்துச் செக்கன் போதும்.

கம்பனி தருகிற லோன் இன்னொரு விவகாரம். பெலன்ஸ் முடிந்த நேரத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் கடன் வருகிறது. அடுத்த ரீலோடில் கடனும் அதற்குமேல் கட்டணமும் கழிகிறது. உங்களிடம் வந்து ரீலோட் போட்டவர், ‘போட்ட காசு எங்க, மகன்?’ என்று கேட்டு உங்களைச் சந்தேகப்படுவது இதனால்தான். இதை மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்பது உலமாக்கள் சொல்ல வேண்டியது, எனக்குத் தெரிந்தது கணக்கு மட்டும். கணக்கில், இல்லாதவன் இன்னும் கொஞ்சம் கூடக் கொடுக்கிறான். அதேபோல, கேட்காமலே ஒட்டிக்கொண்ட ரிங்டோன், செய்தி அலர்ட் என்று நாளுக்குச் சில ரூபாக் கழிகிற சேவைகள். பல முதியவர்களின் போனில் இது மாதக்கணக்காக ஓடுகிறது. ரீலோட் போடும்போது பெலன்ஸ் சந்தேகமாக இருந்தால் ஒரு தரம் பார்த்து நிறுத்திக் கொடுங்கள். கம்பனி கேட்கவில்லை என்றால் ஆணைக்குழுவின் 1900 இருக்கிறது என்று சொல்லி அனுப்புங்கள்.

மாதச் சம்பளக்காரரான ஆசிரியர்மாரும் உத்தியோகத்தர்மாரும் வேறு விதமாக இழக்கிறார்கள். எப்போதோ எடுத்த பிற்கொடுப்பனவு இணைப்புக்கு, பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் மாத வாடகை கட்டிக்கொண்டிருப்பார்கள். #132# அடித்தால் தங்கள் அடையாள அட்டையில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று பார்க்கலாம். வேண்டாததை வெட்டி, முற்கொடுப்பனவுக்கு மாறினால் போதும். அவர்களுக்கு எழுத்து வாசிக்கத் தெரியும், அதனால் அவர்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை.

இப்போது உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். கொமிஷன் ரீலோட் தொகையில்தான் கிடைக்கிறது. சனம் குறைவாகச் செலவழித்தால் உங்களுக்குக் குறையும். கடை வாடகை, கரண்ட் பில், வேலை செய்கிற பையனின் சம்பளம் எல்லாம் இருக்கிறது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ரீலோட் கொமிஷன் உங்கள் கையில் இன்னும் எத்தனை நாளைக்கு? கட்டாரிலிருக்கிற மகன் அங்கேயிருந்தே உம்மாவின் போனுக்குக் காசு போடுகிறான். வங்கியின் அப்பிலும் கம்பனியின் அப்பிலும் பொடியன்மார் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். கம்பனிக்கு உங்கள் கடை வேண்டாத காலம் வந்துகொண்டிருக்கிறது. எங்களுக்கு வேண்டாத காலம் வராது. செட் பார்த்து வாங்க, பழுது பார்க்க, எதை எடுத்தால் மலிவு என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். ‘அவன்ட கடையில வாங்கினா பில்லோட தருவான், சிப் வெச்சு ஏமாத்த மாட்டான்’ என்று ஊர் சொன்னால், அந்தச் சொல்லை எந்த அப்பும் உங்களிடமிருந்து பறிக்காது.

ஒரு யோசனை சொல்கிறேன், சரிவருமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். உங்கள் எல்லோரிடமும் கடன் கொப்பி இருக்கிறது. அதே கொப்பியை மறுபக்கத்திலிருந்து திறவுங்கள். தினமும் 50 ரூபா ரீலோட் போடுகிறவரிடம், இந்த மாதம் 50 போட்டபிறகு ஓர் இருபது ரூபாவைத் தனியாகத் தரச் சொல்லி அவர் பெயரில் எழுதி வையுங்கள். மாத முடிவில் அது 600 ரூபா. அடுத்த மாதம் முதலாம் திகதி அந்தக் காசோடு குறைகிற தொகையைச் சேர்த்து மாதப் பெக்கேஜ் போட்டுக் கொடுங்கள். அதற்குப் பிறகு நாளாந்தம் அவர் தருவது அடுத்த மாதத்துக்கு. எங்கள் பெண்கள் சீட்டுக் கட்டித்தான் கல்யாணமும் கூரையும் நடத்துகிறார்கள், அதனால் இந்த முறை யாருக்கும் புதிதில்லை. நாட்கூலிக்காரனிடம் மாதக் காசு ஒன்றாக இல்லை என்பதுதான் முழுப் பிரச்சினையும். அதை உடைக்கக்கூடியவர் கம்பனியிலும் இல்லை, அரசாங்கத்திலும் இல்லை. உங்களுக்கு ஒரு சிறு தொகை எழுத்துக்கூலியாக எடுத்தாலும் யாரும் மறுக்க மாட்டார்கள், முன்கூட்டிச் சொல்லி எடுத்தால்.

போன் ஆடம்பரம், அதில் மிச்சம்பிடிக்க என்ன இருக்கிறது, பாவிக்காமல் இருக்கலாமே என்கிற பேச்சும் ஊரில் உண்டு. அதைச் சொல்கிறவர்களுக்கு 2024 நவம்பர் 26 ஐ மட்டும் நினைவுபடுத்துகிறேன். நிந்தவூர் மத்ரசாவிலிருந்து வீடு திரும்பிய பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை எங்கள் மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பிள்ளைகளோடு பெரியவர்களுமாக எட்டுப் பேர் வபாத்தானார்கள். அப்படியான ஒரு நேரத்தில் யார் எங்கே என்று கேட்க போனைத் தவிர வேறு என்ன இருக்கிறது? மாரி வரும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போனிலாவது கோல் எடுக்கப் பெலன்ஸ் இருக்க வேண்டும், லோன் கழித்த வெறும் சிம் இருக்கக் கூடாது.

மற்ற நாட்களிலும் அப்படித்தான். வளைகுடாவில் மகனோ மகளோ கணவனோ இருக்கிற வீடு எங்கள் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. டுபாய்ப் பக்கமும் கட்டாரிலும் வட்ஸ்அப் கோல் எடுக்க விடுவதில்லை. அங்கே அனுமதித்த வேறு அப்புக்குக் காசு கட்டுகிறார்கள், இல்லையென்றால் இமோவில் எடுத்து எடுத்து அறுகிறது. சவூதியில் 2017 செப்டெம்பரில்தான் இணையக் கோலுக்கான தடையைத் தளர்த்தினார்கள். அங்கே அவர்கள் ஒரு பக்கம் கொடுக்க, இங்கே இவர்கள் ஒரு பக்கம் கொடுக்கிறார்கள். வெள்ளிக்கிழமைப் பின்னேரம் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிற அந்த வீடியோ கோலுக்கு நான் சிக்கனம் சொல்ல மாட்டேன். அது போகட்டும். ஆனால் வட்ஸ்அப் செட்டிங்ஸில் கோலுக்கு டேட்டாவைக் குறைக்கிற பட்டன் ஒன்று இருக்கிறது. குழுக்களில் வருகிற படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்துகிற பட்டனும் இருக்கிறது. புதுச் செட் விற்கும்போது, கவர் போட்டு கிளாஸ் ஒட்டிக் கொடுக்கிற கையோடு இந்த இரண்டையும் அழுத்திக் கொடுங்கள். ஊரார் அனுப்புகிற குட் மோர்னிங் பூக்களுக்கு எங்கள் மூத்தம்மாமார் காசு கட்டுவது அன்றோடு நிற்கும்.

கேட்பதைச் சுருக்கமாகக் கேட்டுவிடுகிறேன். பெரும்போக வெட்டு முடிந்து நெற்காசு கைக்கு வரும் நேரத்தில்தான் எங்கள் சனம் போன் வாங்கும். அதற்கு முன் உங்கள் கடை முகப்பில், கம்பனி தந்த பளபளப்பான விளம்பரத்துக்குப் பக்கத்தில், ஒரு வெள்ளைப் பலகை வையுங்கள். மூன்று கம்பனியின் பெயரையும் எழுதி, நாள் பெக்கேஜ் வாங்கினால் 30 நாளைக்கு எவ்வளவு, கிழமைப் பெக்கேஜ் என்றால் எவ்வளவு, மாதப் பெக்கேஜ் என்றால் எவ்வளவு என்று தமிழில், தூரத்திலிருந்து வாசிக்கக்கூடிய எழுத்தில் எழுதுங்கள். விலை மாறும்போது துடைத்து மாற்றுங்கள். பலகையின் அடியில், ‘இங்கே பாவித்த போன் லொக் சோதித்து, ஐஎம்இஐ எழுதி, பில்லோடு தரப்படும்’ என்று ஒரு வரி. இவ்வளவுதான்.

முதலில் வைக்கிற கடைக்கு என் பேரப்பிள்ளைகளின் போன் எல்லாம் வரும். பலகை எழுத ஆள் இல்லையென்றால் சொல்லியனுப்புங்கள். கணக்கு எழுதிப் பழகிய கை, எழுத்து இன்னும் நேராகத்தான் நிற்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
மாவடிப்பள்ளியிலிருந்து,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருவன்